ஸ்டெயினைப் பார்த்து அவுட்ஸ்விங் போடக் கற்றுக்கொள்வது எப்படி

தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் டேல் ஸ்டெயின் என்றதும் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது வேகம்தான். அப்புறம் அந்த முறைப்பு, விக்கெட் விழுந்ததும் நரம்பு புடைக்கக் கையை ஆட்டுகிற ஆட்டம். ஆனால் அவரைப் பார்த்து அவுட்ஸ்விங் (காற்றிலேயே வலது கை பேட்ஸ்மேனை விட்டு வெளியே போகிற பந்து) போடக் கற்றுக்கொள்ள நினைக்கிறவர்கள் இதையெல்லாம் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அவருடைய டெஸ்ட் கணக்கைப் பார்க்க வேண்டும். 93 டெஸ்ட், 439 விக்கெட், சராசரி 22.95. ஒரு விக்கெட்டுக்கு அவருக்குத் தேவைப்பட்டது 42.3 பந்து, ஓவருக்கு அவர் கொடுத்தது 3.24 ரன். இதோடு மெக்ராத்தை ஒப்பிட்டால் 51.9 பந்து, 2.49 ரன். ஷான் பொல்லாக் 57.8 பந்து, 2.39 ரன். அதாவது ரன் கொடுக்கும் விஷயத்தில் ஸ்டெயின் கஞ்சனே இல்லை. பழைய ஆட்களில் அவருக்குக் கிட்டத்தட்ட அதே கணக்கு வைத்திருப்பவர் வக்கார் யூனிஸ், 43.4 பந்து, 3.25 ரன். இரண்டு பேரும் பந்தைப் பேட்ஸ்மேனுக்குப் பக்கத்தில் குத்தினார்கள், டிரைவ் அடிக்க இடம் கொடுத்தார்கள், அப்படி அடிக்கப் போனவர்களை அவுட் ஆக்கினார்கள்.

நான் இங்கே சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது. ஸ்டெயினிடம் கற்க வேண்டியது லென்த், அதாவது பந்து பிட்சில் எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்பது. 145 கி.மீ. எல்லாருக்கும் வராது, அது பிறப்பிலும் தசையிலும் இருக்கிறது. ஃபுல்லாக, அதாவது பேட்ஸ்மேனுக்குப் பக்கத்தில் விழுகிற மாதிரி போட்டுப் பவுண்டரி வாங்கினாலும் அடுத்த பந்தையும் ஃபுல்லாகவே போடுவது பழக்கத்தில் வரக்கூடியது.

ஆள் உயரம்கூட இல்லை என்பதையும் கவனியுங்கள். அம்ப்ரோஸ், மார்னே மார்கெல் மாதிரி ஆறரை அடி கிடையாது, ஐந்தடி பத்து அங்குலம்தான். உயரமானவர்களுக்கு பவுன்ஸ் தானாகக் கிடைக்கும், குட் லென்த்தில் போட்டுக்கொண்டே இருக்கலாம். இவருக்கு அது இல்லாததால் பந்து காற்றில் திரும்பியே ஆக வேண்டும், அதற்கு நேரம் கொடுக்க முன்னால் குத்தியே ஆக வேண்டும். நம்ம ஊர்ப் பையன்களில் பெரும்பாலானவர்களுக்கு மார்கெலைவிட இவர் பொருத்தமான மாதிரி என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, இவர் வந்ததும் வென்றவர் இல்லை. குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய ஃபலபோர்வா என்ற சுரங்க ஊர்க்காரர். 2004 டிசம்பரில் போர்ட் எலிசபெத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். அந்தத் தொடரில் 3 ஆட்டத்தில் 8 விக்கெட், சராசரி 50க்கு மேல், தூக்கிவிட்டார்கள். திரும்ப வந்தது 2006இல். அதற்கு அடுத்த ஆண்டு நியூஸிலாந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்தபோது இரண்டே டெஸ்டில் 20 விக்கெட். 2008இல் ஐசிசியின் சிறந்த டெஸ்ட் வீரர் விருது. வேகம் முதல் தொடரிலும் இருந்தது. பந்து எங்கே விழும் என்பதுதான் அப்போது அவர் கட்டுப்பாட்டில் இல்லை.

சரி, கைக்கு வருவோம். வலது கை பவுலர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சீமின் (பந்தைச் சுற்றி ஓடுகிற தையல்) இரண்டு பக்கமும், நடுவில் ஒரு சின்ன இடைவெளி. கட்டைவிரல் கீழே, அதன் பக்கவாட்டு ஓரம் சீமின் மேல். பந்து உள்ளங்கையில் ஒட்டக் கூடாது, விரலில்தான் இருக்க வேண்டும், பின்னால் வெளிச்சம் தெரிகிற அளவு இடைவெளி விடுங்கள். சீம் நேராக நிற்க வேண்டும், ஆனால் முதல் அல்லது இரண்டாவது ஸ்லிப்பைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். பளபளப்பான பக்கம் உங்கள் வலது கைப்பக்கம், அதாவது வலது கை பேட்ஸ்மேனின் லெக் பக்கம். சொரசொரப்பான பக்கம் ஆஃப் பக்கம். சீம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தில் காற்று பந்தின் மேல் அதிக நேரம் ஒட்டிப் போகும், மற்ற பக்கத்தில் சீக்கிரம் பிரிந்துவிடும், அதனால் பந்து சீம் காட்டுகிற பக்கமாக நகரும். இயற்பியல் இவ்வளவு போதும்.

இதைவிட முக்கியம் மணிக்கட்டு. யூடியூபில் ஸ்டெயினின் ஸ்லோ மோஷன் ஏதாவது ஒன்றைப் போட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், பந்து கையை விட்டதற்குப் பிறகு வருகிற அரை நொடியை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள். சீம் ஆடாது. பின்னோக்கிச் சுழன்றுகொண்டே, நிமிர்ந்து, கோடு போட்ட மாதிரி போகும். மணிக்கட்டு பந்துக்கு நேர் பின்னால் இருந்து, இரண்டு விரலும் கடைசியாகப் பந்தின் பின்பக்கத்தைக் கீழே இழுத்துவிட்டால்தான் அப்படி வரும். கை பக்கவாட்டில் விழுந்தாலோ, திருப்பிவிடப் பார்த்தாலோ சீம் தள்ளாடும். அவுட்ஸ்விங் போட வேண்டும் என்று கையால் பந்தை வெளியே தள்ளுகிறவர்கள்தான் அதிகம், அவர்களுக்குத்தான் பந்து நேராகப் போகும்.

இதற்கு நெட்ஸ் தேவையில்லை. ஒரு பழைய லெதர் பந்தும் எதிரில் நிற்க ஒரு நண்பனும் போதும். பத்து கஜ தூரத்தில் நின்று, ஓடாமல், முழங்கைக்குக் கீழே மட்டும் அசைத்து, பந்தைச் சும்மா விட்டுப் பாருங்கள். சீமின் மேல் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிட்டால் தள்ளாட்டம் பளிச்சென்று தெரியும். கோடு ஒரே கோடாகத் தெரிந்தால் சரி, கலங்கலாகத் தெரிந்தால் மணிக்கட்டு எங்கோ சாய்கிறது. நண்பன் கிடைக்காத நாளில் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு நேர் மேலே போட்டுப் பிடியுங்கள், விட்டத்தில் மின்விசிறி இருந்தால் மட்டும் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான். டென்னிஸ் பந்தில் வளர்ந்த கைக்கு இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் டென்னிஸ் பந்தில் வேகமும் கையின் சுழற்றலும்தான் எல்லாம், சீம் என்ற ஒன்றே கிடையாது. லெதர் பந்துக்கு மாறிய முதல் சில மாதம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. ஆனால் புதுப்பந்து நன்றாக ஸ்விங் ஆவதே 110, 120 கி.மீ. வாக்கில்தான், அதற்கு மேலே போகப் போக ஸ்விங்கைப் பிடித்து வைப்பது கடினமாகிக்கொண்டே போகும். 140க்கு மேலேயும் அதைச் செய்ததுதான் ஸ்டெயினின் அதிசயம், அது நமக்கு வேண்டாம். நமக்கு வருகிற வேகமே ஸ்விங்குக்குத் தோதான வேகம்.

லென்த்துக்கு வருகிறேன், இங்கேதான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள்.

பேட்ஸ்மேனின் ஸ்டம்பிலிருந்து ஐந்து, ஆறு மீட்டர் தள்ளி ஒரு பழைய துண்டை விரித்துப் போடுங்கள். ஆஃப் ஸ்டம்புக்கு நேராக, அல்லது மிடில் ஸ்டம்புக்கும் ஆஃப் ஸ்டம்புக்கும் நடுவில் இருக்கட்டும், வெளியே வேண்டாம். பந்து அந்த வழியில் கிளம்பி, துண்டில் விழுந்து, ஆஃப் ஸ்டம்பை உரசுகிற மாதிரி வெளியே போக வேண்டும். ஆரம்பத்திலேயே வெளியே கிளம்புகிற பந்து எவ்வளவு ஸ்விங் ஆனாலும் பயனில்லை, பேட்ஸ்மேன் கையைத் தூக்கி விட்டுவிடுவார், கீப்பர் மட்டும் நன்றாகப் பயிற்சி எடுப்பார். பேட்ஸ்மேனை ஆட வைக்க வேண்டும். ஆட வைக்கிற பந்து சில சமயம் நான்குக்குப் போகும். கவரில் இரண்டு பவுண்டரி போனதும் கேப்டன் கையைக் காட்டி “பின்னால் இழு” என்பார், நீங்களும் இழுத்துவிடுவீர்கள், அத்தோடு அன்றைய அவுட்ஸ்விங் முடிந்தது. பத்துப் பந்தில் எத்தனை துண்டில் விழுந்தது என்று மட்டும் எண்ணுங்கள். எத்தனை ரன் போனது என்பதை முதல் மாதம் யாரும் எண்ணவே வேண்டாம்.

2008இல் தென்னாப்பிரிக்கா இந்தியாவுக்கு வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டெஸ்ட் சேப்பாக்கத்தில். தார் ரோடு மாதிரி பிட்ச், சேவாக் 319 அடித்தார், இந்தியா 627. அந்த இன்னிங்ஸில் ஸ்டெயின் 32 ஓவர் போட்டு 103 ரன்னுக்கு 4 விக்கெட். சேப்பாக்கத்தில் அன்றைக்கு ஒரு வேகப்பந்து வீச்சாளர் இதைவிட என்ன செய்திருக்க முடியும்? அது முடிந்த நாலாவது நாள் அகமதாபாத்தில் புல் இருந்த பிட்சில் புதுப்பந்தை எடுத்தார், இந்தியா 20 ஓவரில் 76க்கு ஆல் அவுட், இவருக்கு 23 ரன்னுக்கு 5. இரண்டு ஊரிலும் போட்டது ஒரே ஆள்தான், ஒன்றில் பிட்ச் உதவியது, ஒன்றில் இல்லை. சேப்பாக்கத்தில் அடி வாங்கினோமே என்று அகமதாபாத்தில் லென்த்தைப் பின்னால் இழுத்திருந்தால் பந்து பேட்டைத் தாண்டிச் சும்மா போயிருக்கும்.

ஆனால் எனக்குப் பிடித்தது 2010 பிப்ரவரி, நாக்பூர். ஸ்டெயினைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு இன்னிங்ஸ்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். தென்னாப்பிரிக்கா 558க்கு டிக்ளேர் செய்திருந்தது, ஆம்லா 253, காலிஸ் 173. பிட்ச் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. புதுப்பந்தில் முரளி விஜய்க்கு ஒன்று உள்ளே வந்தது, அவர் வெளியே போகும் என்று விட்டார், ஸ்டம்ப் போனது. சச்சினுக்கு வெளியே போனது, ஆடினார், கீப்பர் பவுச்சரிடம் கேட்ச். கையும் ரன்-அப்பும் மாறவில்லை, பந்து போன பக்கம் மட்டும் வேறு. அப்புறம் சேவாக் சதம் அடித்தார், முதல் டெஸ்ட் ஆடிய நம்ம பத்ரிநாத் 56 அடித்தார், இந்தியா 221க்கு 4. ஆட்டம் டிராவுக்குப் போகிறது என்று நினைக்கிற நேரம். பந்து பழசாகி ரிவர்ஸ் ஆக, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஸ்விங் ஆக ஆரம்பித்தது. ஸ்டெயின் வந்தார். கடைசி ஆறு விக்கெட் 12 ரன்னுக்குள் போயிற்று, 233 ஆல் அவுட். பத்ரிநாத்தை எடுத்ததும், முதல் டெஸ்ட் ஆடிய சாஹா பந்தை விட்டுவிட்டு ஸ்டம்ப் பறிகொடுத்ததும், வாலில் இருந்தவர்கள் பேட்டைக் கீழே கொண்டுவருவதற்குள் பந்து உள்ளே புகுந்ததும் அடுத்தடுத்து நடந்தன. 51 ரன்னுக்கு 7 விக்கெட், டெஸ்டில் அவருடைய சிறந்த கணக்கு அதுதான்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியது உள்ளே வரும் பந்தை எப்போது போட வேண்டும் என்பது. அவுட்ஸ்விங் நன்றாக வர ஆரம்பித்ததும் எல்லாருக்கும் இன்ஸ்விங் ஆசை வரும், ஓவருக்கு மூன்று போடுவார்கள். வேண்டாம். வெளியே போகிற பந்து நான்கைந்து போட்டு, பேட்ஸ்மேன் ஒன்றிரண்டைத் தொட முடியாமல் விட்டு, “இதை ஆடக் கூடாது” என்று முடிவெடுத்த பிறகுதான் உள்ளே வருகிற பந்துக்கு மதிப்பு. பெரிதாக உள்ளே வர வேண்டும் என்றுகூட இல்லை, வெளியே போகாமல் நேராக வந்தாலே போதும். சீமைக் கொஞ்சம் ஃபைன் லெக் பக்கம் திருப்பி, பளபளப்பை இடது கைப்பக்கம் மாற்றிப் பிடித்தால் இன்ஸ்விங்கர். ஓடி வரும்போது பந்தை இன்னொரு கையால் மறைத்துக்கொள்ளுங்கள், பளபளப்பு எந்தப் பக்கம் என்று பார்க்கத் தெரிந்த பேட்ஸ்மேன்கள் கிளப் கிரிக்கெட்டிலும் இருக்கிறார்கள்.

ரிவர்ஸ் ஸ்விங் பற்றிச் சுருக்கமாக. அது ஒரு பவுலரின் வேலை இல்லை, பதினொரு பேரின் வேலை. ஒரு பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து மழமழப்பாக வைக்க வேண்டும், மறுபக்கம் தரையில் உரசி உரசிக் காய்ந்து சொரசொரவென்று ஆகட்டும், அந்தப் பக்கத்தில் யாருடைய ஈரக் கையும் படக் கூடாது. எச்சில் தொடக் கூடாது என்பது 2022 அக்டோபரிலிருந்து விதியிலேயே இருக்கிறது, வியர்வை போதும், நம்ம ஊர் வெயிலில் அதற்கா பஞ்சம். ரிவர்ஸ் ஆகும்போது பந்து பளபளப்பான பக்கமாகப் போகும், அதாவது அவுட்ஸ்விங் பிடியில் போட்டால் உள்ளே வரும். காய்ந்த மைதானமும் வேகமும் வேண்டும், அதனால் 115 போடுகிறவர்கள் இதில் அதிகம் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஸ்டெயினிடம் இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் 2014இல் இரண்டு ஆட்டம்: பிப்ரவரியில் போர்ட் எலிசபெத்தில் விக்கெட் இழப்பின்றி 126 என்றிருந்த ஆஸ்திரேலியா 216க்குச் சுருண்டது, அதில் ஹாடினுடைய ஸ்டம்ப் போன பந்து; ஜூலையில் காலியில், ஸ்பின்னர்களின் கோட்டையில், 99 ரன்னுக்கு 9 விக்கெட்.

நன்றாகப் போட்டும் விக்கெட் விழாத நாள் வரும். அதற்கும் அவரிடமே பாடம் இருக்கிறது, 2011 ஜனவரி, கேப்டவுன். சச்சின் 146. பந்து இரண்டு பக்கமும் போகிறது, பேட்டைத் தாண்டிப் போகிறது, ஓரத்தில் படவில்லை. ஸ்டெயின் அந்த இன்னிங்ஸில் 75 ரன்னுக்கு 5 எடுத்தார், ஆனால் சச்சினை எடுக்க முடியவில்லை, கடைசியில் மார்கெல்தான் ஸ்டம்பைச் சாய்த்தார். அந்த ஸ்பெல்லைப் பார்க்கும்போது அடி வாங்கிய பந்துக்கு அடுத்த பந்து எங்கே விழுகிறது என்று மட்டும் கவனியுங்கள். இன்று பல பவுலர்கள் மூன்றாவது ஓவரிலேயே ஷார்ட் பாலுக்குப் போய்விடுகிறார்கள், அது எரிச்சல், திட்டம் கிடையாது. ஸ்டெயினும் பவுன்சர் போடுவார், நல்ல பவுன்சர்தான், பேட்ஸ்மேன் முன்காலில் சாய்ந்து காத்திருப்பதைத் தடுக்க. அடுத்தது மறுபடி ஃபுல்.

இதெல்லாம் சிவப்புப் பந்துக்குத்தான், எல்லா ஆட்டத்துக்கும் இது செல்லாது. 2015 உலகக் கோப்பை அரையிறுதி, ஆக்லாந்து, நியூஸிலாந்துக்கு 2 பந்தில் 5 ரன் வேண்டும். ஸ்டெயின் லென்த்தில் போட்டார், கிராண்ட் எலியட் சிக்ஸ் அடித்தார், ஆட்டம் முடிந்தது. டெஸ்டில் நாலு ஸ்லிப்போடு போடுகிற லென்த்தை 43 ஓவர் ஆட்டத்தின் கடைசி ஓவரில் போட்டால் அப்படித்தான். முந்தைய ஆண்டு சிட்டகாங்கில் டி20 உலகக் கோப்பையில் இதே நியூஸிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 7 ரன்னைக் காப்பாற்றி, 17 ரன்னுக்கு 4 எடுத்தவரும் இவர்தான். அதனால் சனிக்கிழமை 20 ஓவர் டோர்னமென்டில் ஆடுகிறவர்கள் முதல் மூன்று ஓவருக்கு மட்டும் இந்தக் கட்டுரையை வைத்துக்கொள்ளுங்கள், கடைசி ஓவருக்கு யார்க்கரைத் தனியாகப் பழகுங்கள்.

கடைசியாக உடம்பு. 2015 ஜூலையில் மிர்பூரில் தமீம் இக்பாலை எடுத்து 400ஐத் தொட்டபோது ஸ்டெயினுக்கு அது 80ஆவது டெஸ்ட். மீதி 39 விக்கெட்டுக்கு மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. 2016 நவம்பரில் பெர்த்தில் பந்து போட்டுக்கொண்டிருக்கும்போதே வலது தோள்பட்டையில் எலும்பு முறிந்தது. ஓராண்டுக்கு மேல் கழித்து கேப்டவுனில் திரும்பி வந்து, தவானை எடுத்து, அதே ஆட்டத்தில் குதிகால் போய் நடுவில் வெளியேறினார். தென்னாப்பிரிக்காவின் அதிகபட்ச டெஸ்ட் விக்கெட் கணக்காக இருந்த பொல்லாக்கின் 421ஐத் தாண்ட 2018 டிசம்பர் 26 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2019இல் டெஸ்டை விட்டார், 2021 ஆகஸ்டில் எல்லாவற்றையும். உலகத் தரத்தில் பிசியோவும் டாக்டரும் கூடவே இருந்தவருக்கே இது நடந்தது. நம்ம பையன்கள் காலையில் பள்ளி டீமுக்குப் பத்து ஓவர், மாலையில் அகாடமி நெட்ஸில் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஏரியா மேட்ச் என்று போடுகிறார்கள். முதுகு வலிக்கிறது என்றால் ஸ்ப்ரே அடித்துவிட்டு மறுபடி ஓடச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரு ஸ்பெல்லில் 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவருக்கு மேல் போடக் கூடாது என்று வாரியமே வரையறுத்திருக்கிறது. அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், நெட்ஸில் போடுகிற பந்தையும் அதில் சேர்த்தே எண்ணுங்கள். ஒரு நோட்டில் தினமும் எத்தனை பந்து என்று எழுதுங்கள். கீழ் முதுகில் ஒரே பக்கமாக வலி வந்து, பின்னால் வளைந்தால் அதிகமானால், அன்றைக்கே பந்தைக் கீழே வைத்துவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள். மணிக்கட்டுப் பயிற்சியை மட்டும் அந்த நாட்களிலும் உட்கார்ந்தபடியே செய்யலாம், அதற்கு முதுகு தேவைப்படாது.